எல்லாம் கணக்காக இருக்கிறது, சகானா எங்கே?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"ஆச்சி, எனக்கு வயது 24. காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். எட்டு வயதிலிருந்து பாட்டு கற்றுக்கொள்கிறேன். வர்ணங்களை மூன்று காலத்திலும் பாடுவேன், எந்த எடுப்புக்கும் கோர்வை வைப்பேன். வேகமாக ஸ்வரம் பாடிப் போடுகிற ரீல்ஸுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. இந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் நவராத்திரியில் ஒன்றரை மணி நேரம் பாடினேன். சகானா ராகத்தில் ஒரு கீர்த்தனை, அதற்கு ஸ்வரம், முடிவில் பெரிய கோர்வை. கைதட்டல் பலமாக இருந்தது. இறங்கி வந்ததும் கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிற நாயனக்கார ஐயா, எழுபது வயது இருக்கும், 'எல்லாம் கணக்கா இருந்துச்சு ஆத்தா, சகானாதான் கடைசி வரைக்கும் வரலை' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. எங்கள் சார் கீர்த்தனையில் கற்றுக்கொடுத்த ஒரு சங்கதியைக்கூட மாற்ற விடமாட்டார். ஆலாபனைகூட அவர் எழுதிக் கொடுத்ததுதான். சொந்தமாகப் பாட இன்னும் பத்து வருடம் ஆகும் என்கிறார். தோழிகளோ இந்தச் சங்கீதத்தில் சுதந்திரமே கிடையாது, ஃப்யூஷன் பக்கம் வந்துவிடு என்கிறார்கள். இதில் சுதந்திரம் உண்டா, இல்லையா? சாரை மாற்ற வேண்டுமா? என்னிடம் இருப்பது வெறும் வித்தைதானா?"

ஆத்தா, முதலில் அந்த நாயனக்கார ஐயாவைப் பற்றிப் பேசுவோம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, எது வரவில்லை என்று ராகத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லியிருக்கிறார். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிற நூறு பேர் செய்யாததை அவர் உனக்குச் செய்திருக்கிறார். குரல் சரியில்லை, ஸ்ருதி சேரவில்லை, தாளம் நிற்கவில்லை என்று அவர் எதுவும் சொல்லவில்லையே, கவனித்தாயா? பதினாறு வருடம் நீ உழைத்ததெல்லாம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான், இல்லாத ஒன்றைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். அதுவும் சகானாவில். வேறு ராகத்தில் இதை அவர் கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

மோகனத்தை எடுத்துக்கொள். ஐந்து ஸ்வரம், ஏறுவது எப்படியோ இறங்குவதும் அப்படியே. ஸ ரி க ப த என்று நேராகவும் திருப்பியும் நாலாம் காலத்தில் ஓட்டினாலும் மோகனம் மோகனமாகவே கேட்கும், அந்த ராகத்தின் உடம்பு அப்படி. சகானாவுக்கு அந்த உடம்பு கிடையாது. ஏறும்போது பஞ்சமத்துக்குப் (ப) போய்விட்டு மறுபடி மத்யமத்துக்குத் (ம) திரும்பித்தான் தைவதத்தைத் (த) தொட வேண்டும். இறங்கும்போது க ம ரி, க ரி ஸ என்று தயங்கித் தயங்கித்தான் ஷட்ஜத்துக்கு (ஸ) வர வேண்டும். அந்தத் தயக்கம்தான் சகானா. ரிஷபத்தில் (ரி) கொஞ்சம் நின்று, காந்தாரத்தை (க) லேசாக வளைத்துவிட்டு வந்தால் ராகம் தானாகத் தெரியும். அதையே வேகமாக அடித்துக்கொண்டு போனால் வளைவு நிமிர்ந்துவிடும், தாய் ராகமான ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள் மட்டும் காதில் விழும். ஸ்வரம் ஒன்றும் தப்பில்லை, ராகம் மட்டும் இருக்காது. உனக்கு நடந்தது இதுதான் என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது.

சரி, கோர்வைக்கு வருவோம். உனக்குத் தெரிந்த விஷயம்தான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்வர வரிசையைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் திருப்பிப் பாடி, தாளத்தில் சரியாக வந்து முடிப்பதுதான் கோர்வை. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு ஸ்வரம் என்று வைத்தால் ஓர் ஆவர்த்தத்துக்கு 32. பத்து ஸ்வரத்தில் ஒரு வரிசை பாடி, ஒன்று விட்டு, மறுபடி அதே பத்து, ஒன்று விட்டு, மறுபடி அதே பத்து பாடினால் முப்பதும் இரண்டும் முப்பத்திரண்டு, டக்கென்று சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், வந்து விழும். கேட்பவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே வந்து அந்த இடத்தில் "ஆஹா" என்பார்கள். உண்மையான சந்தோஷம் அது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உன்னையே கேட்டுக்கொள், அந்தக் கோர்வையை நீ எங்கே செய்தாய்? வீட்டில், நோட்டுப் புத்தகத்தில். பத்து என்று முதலில் முடிவாகிவிட்டது, அப்புறம்தான் அந்தப் பத்துக்கு சகானாவின் ஸ்வரங்களை நிரப்பினாய். அதே பத்தில் கல்யாணியை நிரப்பியிருந்தாலும் அதே கைதட்டல் வந்திருக்கும். அப்படியானால் அந்தக் கைதட்டலில் சகானாவுக்குப் பங்கு எவ்வளவு?

இதை மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் பாடுவது, என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிறோம். மனப்பாடமாக வந்து மேடையில் ஒப்பிக்கப்படுகிற ஒன்றை மனோதர்மம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மேற்கத்திய சங்கீதத்தில் இதே கதை நடந்திருக்கிறது. ஒருவர் முன்னின்று வாசிக்க வாத்தியக் குழு கூட வாசிக்கிற கான்செர்ட்டோ என்ற உருப்படியில் காடென்சா என்று ஓர் இடம் உண்டு. வாத்தியக் குழு மொத்தமும் நிறுத்திக்கொள்ள, வாசிப்பவர் மட்டும் தன் கற்பனையில் வாசிக்க வேண்டிய இடம். மோட்சார்ட்டும் பேத்தோவனும் அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிப்பதில் பேர் போனவர்கள். அதே பேத்தோவன் 1809-ல் எழுதிய ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவில், இங்கே நீயாக காடென்சா வாசிக்காதே, நான் எழுதியிருப்பதையே வாசித்துவிட்டு மேலே போ என்று குறிப்பு போட்டுவிட்டார். பிற்காலத்தில் அந்தச் சங்கீதத்தில் பெரும்பாலோர், தங்கள் கற்பனைக்கென்று விடப்பட்ட இடத்தில் வேறொருவர் எழுதிய காடென்சாவைப் பாடம் பண்ணி வாசிக்கப் பழகிவிட்டார்கள். மிகச் சுத்தமாக வாசிப்பார்கள், கை அப்படிப் பறக்கும். ஆனால் காலி இடமாக விட்டிருந்தது நிரம்பிப்போய்விட்டது. நம் கோர்வைகள் அந்தப் பாதையில்தான் போகின்றன, எனக்கு அதில் பயம் இருக்கிறது.

கணக்கு கெட்டது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. நம் பக்கத்தில் பிறந்துவிட்டுக் கணக்கைப் பழிக்க முடியுமா? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும் அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். லயம் என்றாலே அந்த ஊரைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். மிருதங்கத்தில் காரைக்குடி மணி 2023-ல் மறைந்தார், அவர் கோர்வைகளை இன்று எத்தனையோ நாட்டில் வாசிக்கிறார்கள். ஆனால் தோல் வாத்தியக்காரருக்கு லயமே ராகம் மாதிரி. அவர் அதில் குளித்து எழுந்து, அந்த நேரத்துக்குத் தோன்றியதை அடிக்கிறார். பாடுகிற நீ அவருடைய சாமானில் ஒரு பிடி எடுத்துவந்து உன் சமையலில் கொட்டிவிட்டு, சமையலே அதுதான் என்று சொன்னால் எப்படி?

புதுக்கோட்டை ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே அரியக்குடி இருக்கிறது. நீ வேலைக்குப் போகிற ஊருக்கும் உன் ஊருக்கும் அது எவ்வளவு கிட்டம் என்று உனக்கே தெரியும். பாடகர் ராமானுஜ ஐயங்கார் பிறந்த ஊர். 1890-ல் பிறந்து 1967-ல் மறைந்தார். இன்று நீ வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுப்பாக இரண்டு உருப்படி, நடுவில் பெரிய ராகம், கடைசியில் துக்கடா என்று பாடுகிறாயே, அந்தக் கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். அவர் ஆலாபனை நீளமாக இருக்காது. நாலைந்து பிடி, அதாவது ராகத்தைக் காட்டுகிற சின்னச் சின்ன ஸ்வரக் கோவை, ராகம் முழுசாக வந்து உட்கார்ந்துவிடும், உடனே கீர்த்தனைக்குப் போய்விடுவார். ஸ்வரம் பாடினால் சர்வலகு, அதாவது தாளம் தன் நடையில் போய்க்கொண்டிருக்க, ஸ்வரங்கள் அதன் மேல் சவாரி போவது போல வந்துகொண்டே இருக்கும், எங்கே முடிக்கப் போகிறார் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமே வராது. சர்வலகு சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். பாடிப் பார். கோர்வையில் அடுத்த ஸ்வரம் எது என்று உனக்கு முன்கூட்டியே தெரியும், சர்வலகுவில் தெரியாது. ஒவ்வொரு பிடியும் முந்தின பிடியிலிருந்து பிறக்க வேண்டும். கணக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாதபோது ராகம் ஒன்றுதான் உன்னைத் தாங்கும். ராகம் உள்ளே இல்லை என்றால் இரண்டாவது ஆவர்த்தத்திலேயே வறண்டு போய்விடும்.

அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று பார். குரு ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். அவருக்குக் குரு பட்டணம் சுப்ரமணிய ஐயர். பேகடாவை அப்படிப் பாடுவாராம், பேகடா சுப்ரமணிய ஐயர் என்றே பேர். பேகடாவும் சகானா மாதிரிதான், மத்யமத்தையும் நிஷாதத்தையும் எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் அதன் உயிர். அதே மனிதர்தான் கதனகுதூகலத்தில் 'ரகுவம்ச சுதாம்புதி'யையும் செய்தார். துள்ளிக் குதிக்கிற ராகம், வேகம் இல்லாமல் பாடினால் அதற்கு அழகே இல்லை. ஒரே ஆள் இரண்டையும் செய்திருக்கிறார். எது நிற்கிற ராகம், எது ஓடுகிற ராகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வேகத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் பதிவுகளைக் கேள், பிருகா என்கிற அந்த வேக ஓட்டம் மின்னல் மாதிரி வரும், ஆனால் ஒவ்வொன்றும் அந்த ராகத்தின் புதிய ஒரு மூலையைக் காட்டிவிட்டுப் போகும். உன் பிருகா எந்த ராகத்தில் போட்டாலும் ஒரே பிருகாவாக இருக்கிறதா என்று பதிவு பண்ணிக் கேட்டுப் பார், உனக்கே விடை கிடைக்கும்.

சுதந்திரம் உண்டா என்று கேட்டிருந்தாய். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனை ஸ்வரம், விருத்தம் இவ்வளவையும் கச்சேரியிலிருந்து எடுத்துவிட்டுப் பார், என்ன மிச்சம் இருக்கும்? எவ்வளவு பெரிய இடத்தை எழுதாமல் பாடகருக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள்! சங்கீதத்தில் சுதந்திரம் இல்லை என்று உன் தோழிகள் சொல்வது, நீ அந்த இடத்தில் நின்று அவர்கள் பார்த்ததில்லை என்பதால்தான். நீ அங்கே நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றிருக்கிறாய்.

எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டில் தொட்டில் கட்டியிருக்கும். அப்பத்தாவுக்கு ஸ்வரம் தெரியாது, தாளம் போடத் தெரியாது. தாலாட்டு மெட்டு மொத்தமே நாலு அல்லது ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் நான் கேட்ட வரைக்கும் ஒரு தடவை பாடியதை அப்படியே மறு தடவை பாடியதில்லை. தொட்டிலில் கிடப்பது யார் பிள்ளை என்று பார்த்து, அதன் அம்மான் பேர், அவர் கொண்டு விக்க, அதாவது வியாபாரத்துக்குப் போன ஊர், பர்மாவோ மலாயாவோ, அவர் கொண்டுவரப் போகிற சீர், எல்லாம் அதற்குள் வந்துவிடும். பேர் நீளமாக இருந்தால் மெட்டு நீளும், பிள்ளை சிணுங்கினால் ஒரு இழுப்பு கூடும், கண் சொக்கினால் ஒரு ஸ்வரம் குறையும். நாலு ஸ்வரத்தில் அவ்வளவு செய்ய முடிந்தது, ஏனென்றால் அவர் கவனமெல்லாம் பிள்ளையின் மேல் இருந்தது, தன் குரல் மேல் இல்லை. துக்க வீட்டு ஒப்பாரியும் அப்படித்தான், போனவரைப் பார்த்துத்தான் வார்த்தை வரும், வார்த்தையைப் பார்த்து மெட்டு வளையும். நம் பக்கத்து ஆச்சிமார் எத்தனை பேர் இப்படிக் கட்டிப் பாடியிருக்கிறார்கள். உன் வீட்டிலும் இருந்திருப்பார்கள், இப்போது யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேள், தள்ளிப்போடாதே.

எனக்கு இது மேடையில் புரிந்தது முப்பது வருடத்துக்கு முன்னால். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம், வளவில் கச்சேரி. இரண்டு நாள் ஜலதோஷம், தொண்டை கட்டிவிட்டது. மத்ய பஞ்சமத்துக்கு மேலே குரல் போகவே மாட்டேன் என்கிறது, பிருகா போட்டால் உடைகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாத வீடு. அவர்கள் கேட்டிருந்ததும் சகானாதான். மேலே போக வழியில்லாததால் கீழ்ப் பஞ்சமத்துக்கும் அந்த மத்ய பஞ்சமத்துக்கும் நடுவிலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். ரிஷபத்தில் நிற்க வேண்டியிருந்தது, வேறு போக்கிடம் இல்லை. அப்படி நின்றபோதுதான், அதுவரை நான் அந்த ரிஷபத்தைக் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. எத்தனை வருடம் அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். பக்கத்தில் வயலின் வாசித்தவர் என் பிடிக்குப் பதில் வாசிக்காமல் வில்லை எடுத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கைதட்டல் குறைவுதான். ஆனால் அதற்கு அப்புறம் நான் சாதகம் பண்ணுகிற விதமே மாறிப்போனது, அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

காலையில் வங்கிக்குக் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் எடுத்துக்கொள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, வர்ணம் எதையும் நிறுத்தாதே, அது தனி நேரம். இந்த இருபது நிமிடத்துக்குத் தம்பூரா மட்டும் போதும், போனில் இருக்கிற ஸ்ருதிப் பெட்டியே சரி. தாளம் கிடையாது. ஒரு மண்டலம், 48 நாள், சகானா மட்டும். அதிலும் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரைதான், மேலே போகாதே. ஸ்வரம் சொல்லாமல் அகாரத்தில், வெறும் 'ஆ' என்று, பாடு, ஸ்வரம் சொன்னால் உன் வாய் உடனே கணக்குக்கு ஓடிவிடும். ப ம க ம ரி என்று வந்து ரிஷபத்தில் நின்று, அடுத்து எங்கே போகலாம் என்று தோன்றும்வரை நில். ஒன்றும் தோன்றவில்லையா, நிற்கிறதுதான் பாட்டு, நின்றுகொண்டே இரு. முதல் பத்து நாள் பயமாக இருக்கும். பழகின பிடி ஓடி வந்து வாயில் உட்காரும், அதைப் பாடாமல் விட்டுவிட்டு அடுத்தது வருகிறதா என்று பார். தினமும் பதிவு பண்ணு, மறுநாள் காலையில் கேள், ஆனால் எங்கும் போடாதே, யாருக்கும் அனுப்பாதே. லைக் வருமா என்ற நினைப்பு ஒரு ஓரத்தில் இருந்தால்கூட ரிஷபத்தில் நிற்க விடாது.

உன்னைப் போலக் கணக்கு வலுவாக இருப்பவர்களுக்குத் தானம் நல்ல பாலம். தானத்தில் லயம் இருக்கிறது, தாளம் இல்லை. அநந்தம், ஆநந்தம் என்ற எழுத்துகளை வைத்துக்கொண்டு நடையோடு போகலாம், ஆனால் எண்ணிக்கை முடிகிற இடம் என்று ஒன்று இல்லாததால் கோர்வை வைக்க முடியாது. அதற்கு வீணைத் தானம் கேட்க வேண்டும். காரைக்குடி வீணை என்று ஒரு பாணியே உண்டு. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள், அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்தும் தம்பி மடியில் கிடத்தியும் வாசிப்பார்கள், தானத்துக்குப் பேர் பெற்றவர்கள். உன் ஊருக்குப் பக்கத்து ஊரின் சொத்து அது, தேடிப் பிடித்துக் கேள்.

நிரவலுக்கு ஒரு வார்த்தை. தெலுங்கு வரி ஒன்றை எடுத்து விதவிதமாக விரித்து நிரவல் பாடுகிறாய், அர்த்தம் தெரிந்துதான் பாடுகிறாயா? தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அந்த வரி உனக்கு இன்னொரு பத்து ஸ்வரப் பெட்டி, அதையும் நிரப்பத்தான் செய்வாய். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1943-ல் தமிழிசைச் சங்கம் வைக்கக் காரணமான கவலைகளில் இதுவும் ஒன்று, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வார்த்தை புரிய வேண்டும் என்பது. நீ அதைவிடச் சுலபமான வழியில் ஆரம்பிக்கலாம். கம்பனில் ஒரு பாட்டை எடுத்து விருத்தமாகப் பாடு. சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் வேலை பார்க்கிறாய், கம்பன் பாட்டுக்குப் பஞ்சமா? உனக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டு, முதலில் பத்துத் தடவை ராகம் இல்லாமல் சத்தம் போட்டு வாசி, எந்தச் சொல்லில் உன் குரல் தானாகத் தாழ்கிறது, எதில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் ராகத்தில் சொல்லு. தாளம் இல்லை, எழுதி வைத்த சங்கதி இல்லை, உன் சார் திருத்தவும் அதில் ஒன்றும் இல்லை. அங்கே நீ தனியாக நிற்பாய்.

இப்போது சாரைப் பற்றி. சங்கதியை மாற்றாதே என்கிறார் என்றால் அவர் சொல்வது நியாயம். கீர்த்தனை இன்னொருவர் கட்டிய வீடு, சுவரை இடிக்கிற உரிமை நமக்கு இல்லை. அந்தச் சங்கதிகளுக்குள்தான் ராகத்தின் பிடிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, சகானாவை நீ கடைசியில் கற்றுக்கொள்ளப் போவதும் அவற்றிலிருந்துதான். ஆனால் ஆலாபனையை எழுதிக் கொடுத்து அதையே பாடு என்பதும், பதினாறு வருடம் கற்றவளை இன்னும் பத்து வருடம் பொறு என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆரம்பத்தில் நாலு பிடி எழுதிக் கொடுப்பது வழக்கம்தான், கைப்பிடித்து நடத்துகிற மாதிரி. நடக்கத் தெரிந்த பிறகும் கையை விடாவிட்டால் கால் பலம் பெறாது. அந்தக் காலத்துச் சிஷ்யர்கள் குருவின் பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டுக்கொண்டு, அவர் விட்ட இடத்தில் ஒரு பிடி எடுத்துப் பாடி, தப்பினால் அங்கேயே திட்டு வாங்கித்தான் மனோதர்மம் கற்றார்கள். தப்பாகப் பாட இடம் இருந்தது அவர்களுக்கு. உனக்கு அந்த இடம்தான் கிடைக்கவில்லை.

ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போகாதே. உன் ஸ்ருதியும் தாளமும் அவர் போட்ட அஸ்திவாரம். அடுத்த வகுப்பில் பணிவாக ஒன்று கேள்: "சார், கடைசிப் பத்து நிமிடம் உங்கள் முன்னால் சகானாவைச் சொந்தமாகப் பாடிப் பார்க்கிறேன், தப்பைத் திருத்துங்கள்." சுதந்திரம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தால் வாக்குவாதம் ஆகும். பத்து நிமிடம் திருத்தச் சொன்னால் முடியாது என்று சொல்லுகிற ஆசிரியர் குறைவு. அப்படியும் மறுத்துவிட்டால் பாடத்தை அவரிடமே தொடர்ந்துகொண்டு, கேட்பதற்கு வேறு ஒருவரிடம் போ. அந்த ஒருவர் யார் என்று உனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஃப்யூஷன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆசை இருந்தால் செய், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் சகானா வராததற்கு அது மருந்து ஆகாது, அங்கேயும் உன்னோடு இதே கோர்வைகள்தான் வரும். ரீல்ஸும் அப்படித்தான், மண்டலம் முடிந்த பிறகு ஒரு நிமிடத்தில் வேகமில்லாமல் ஒரே ஒரு சகானாப் பிடி பாடிப் போட்டுப் பார்க்கலாம், அதற்கும் கேட்பவர்கள் இருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன்.

நாயனக்கார ஐயாவைப் பார்க்க இந்த வெள்ளிக்கிழமையே போ. வெற்றிலை பாக்கு பழம் தட்டில் வைத்துக் கொடுத்து விழுந்து கும்பிடு. பாடிக் காட்டுகிறேன் என்று ஆரம்பிக்காதே. சாயரட்சைக்கு அவர் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டுமா என்று மட்டும் கேள். ராத்திரி சுவாமி புறப்பாடு இருந்தால் வீதியில் கூடவே நட, ஒரு ராகத்தைத் தெரு முனையிலிருந்து அடுத்த முனை வரை எப்படி அவசரமில்லாமல் கொண்டுபோகிறார்கள் என்று அங்கேதான் தெரியும். நாலைந்து வாரம் கழித்து அவரே "சகானா பாடு பார்ப்போம்" என்பார். அப்போது ரிஷபம் வரைக்கும் பாடிவிட்டு நிறுத்திக்கொள். மிச்சத்தை அவர் வாசித்துக் காட்டுவார்.

பங்குனியில் கம்பன் விழாவுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வருவேன், உன் 48 நாள் அதற்குள் முடிந்திருக்கும். முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் கொண்டு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்போம்.